பிரிவை ஆராய்ந்ததில் பிறந்த சிகிச்சை: பிணைப்புக் கொள்கையின் வரலாறு

மனக்கிலேசத்துக்குப் பரிகாரம் தேடி லண்டனிலோ அமெரிக்க நகரம் ஒன்றிலோ மனோசிகிச்சையாளர்களின் பட்டியலைப் புரட்டுகிற ஒருவர், 'பிணைப்பை ஆதாரமாகக் கொண்ட சிகிச்சை' என்ற தொடரை இன்று பல பெயர்களுக்குக் கீழே காண்கிறார். அத்தொடரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொள்கிறவர் என்ன செய்யக் கடமைப்பட்டவர் என்பதை அறிய, சிகிச்சை நூல்களை விட யுத்தகாலத்துக் குழந்தைகள் காப்பகத்தையும் ஆஸ்பத்திரி வார்டையும் முதலில் நாடவேண்டியிருக்கிறது. தாயைப் பிரிந்த குழந்தைகளைப் பற்றி எழுந்த ஆராய்ச்சி, வயது வந்தோருக்குரிய சிகிச்சையாக உருப்பெற ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் சென்றன. அந்தத் தாமதத்தின் காரணத்தை உணர்ந்தவர்க்கே அச்சிகிச்சையின் இயல்பும் விளங்கும் என்பது என் துணிபு.

பிணைப்புக் கொள்கையின் பிதா ஜான் பௌல்பி 1907-இல் லண்டனில், புகழ்பெற்ற சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். அக்காலத்து மேல்தட்டுக் குடும்பங்களின் வழக்கப்படி செவிலியர் கையில் வளர்ந்தார். தமக்குப் பிரியமான செவிலி வேலையை விட்டுச் சென்றபோது அவருக்கு நான்கு வயது இருக்கும். அந்தப் பிரிவே பிற்காலக் கொள்கைக்கு வித்து என்று அவர் சரித்திரத்தை எழுதியவர்கள் சொல்வதுண்டு. வாழ்க்கையைக் காட்டிக் கொள்கைக்கு உரை எழுதுவது சுலபமான காரியமாகையால் அதை நான் பெரிதாக மதிப்பதில்லை. அதைக் காட்டிலும் கனமான ஆதாரம், 1944-இல் அவர் வெளியிட்ட, திருட்டுப் பழக்கமுள்ள 44 சிறுவர் சிறுமியரைப் பற்றிய ஆராய்ச்சி. அவர்களில் யாரிடமும் அன்பு பாராட்டாதவர்கள் என்று அவர் வகுத்த 14 பேரில் 12 பேர், சிறு பிராயத்தில் தாயை நெடுங்காலம் பிரிந்திருந்தவர்கள். வகுத்தவரும் அவரே, காரணம் கண்டவரும் அவரே என்பதால் இந்த எண்ணிக்கையை அப்படியே ஒப்புக்கொள்வதற்கில்லை; ஆயினும், குழந்தையின் மனோவியாதிக்கு அதன் கற்பனைகளிலேயே மூலம் தேடிவந்த மனப்பகுப்பாய்வு உலகில், நிஜமாக நடந்த ஒரு சம்பவத்தை அவர் காரணமாக நிறுத்தியது சாமானியமான துணிச்சல் அன்று. அவரது பயிற்சிக் காலத்தில் மேற்பார்வையாளராக இருந்த மெலனி க்ளைன், பௌல்பி ஒரு சிறுவனுக்குச் சிகிச்சை செய்தபோது அவன் தாயுடன் பேசுவதற்கே அவரை அனுமதிக்கவில்லை; அந்தத் தாயோ சில மாதங்களுக்குள் மனநோய் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டாள்.

கொள்கைக்குப் பிரத்தியட்சமான சாட்சி வேறொருவர் மூலம் கிடைத்தது. மனப்பகுப்பாய்வாளர் அன்னா ஃப்ராய்ட் யுத்தகாலத்தில் லண்டன் ஹாம்ஸ்டெட்டில் நடத்திய குழந்தைகள் காப்பகத்தில், கொதிகலனைக் கவனிப்பவர் உட்பட ஒவ்வோர் ஊழியரும் குழந்தைகளிடம் கண்டதைத் துண்டுச்சீட்டில் எழுதிவைக்கவேண்டும் என்பது விதி. அந்தக் கொதிகலன் ஊழியரான ஜேம்ஸ் ராபர்ட்ஸன் அவ்விதம் பார்க்கக் கற்றுக்கொண்டு, யுத்தம் முடிந்தபின் டாவிஸ்டாக் சிகிச்சாலயத்தில் பௌல்பியின் ஆராய்ச்சிக் குழுவில் சேர்ந்தார். வாரத்தில் சில மணி நேரமே பெற்றோரை உள்ளே விட்ட ஆஸ்பத்திரிகள் அன்று ஏராளம். பெற்றோர் வந்துபோனால் குழந்தை அழுகிறது, வராவிட்டால் 'சமாதானமாக' இருக்கிறது என்பது தாதியரும் வைத்தியரும் சொல்லிவந்த நியாயம். அந்தச் சமாதானத்தை ராபர்ட்ஸன் நம்பவில்லை. முதலில் எதிர்ப்பு, பிறகு நம்பிக்கையிழப்பு, கடைசியில் விலகிப்போதல் என்று மூன்று படிகளில் குழந்தை இறங்குவதையும், மூன்றாவது படியையே வைத்தியர்கள் குணம் என்று எண்ணிக்கொள்வதையும் அவர் கண்டார்.

சொன்னால் நம்பமாட்டார்கள் என்று அறிந்து, கையில் பிடித்து எடுக்கும் சிறு காமிராவைக் கொண்டு, 2 வயது 5 மாதம் நிரம்பிய ஒரு சிறுமி எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருப்பதைப் படம் பிடித்தார். மோசமான தருணங்களை மட்டும் பொறுக்கி எடுத்தார் என்ற பழி வராதபடி, நாள்தோறும் முன்கூட்டியே குறித்த நேரத்தில் படம் எடுத்து, சுவர்க் கடிகாரத்தையும் அதில் பதிவு செய்தார். அச்சிறுமி ஓலமிட்டு அழுகிறவள் அல்லள். அழுகையை விழுங்கிக்கொண்டு, முகத்தைச் சுருக்கி, இடையிடையே அம்மாவைக் கேட்கிறாள். வீடு திரும்பும் நாளில் தன் உடைமைகளை எல்லாம் கவனமாகச் சேகரித்துக்கொண்டு நடக்கிறவள், தாயின் கையைப் பிடிக்க மட்டும் மறுக்கிறாள். 1952-இல் இப்படம் வைத்தியர் சபையில் காட்டப்பட்டபோது கோபமே மிகுந்தது. எனினும் 1959-இல் அரசாங்கத்துக்குச் சமர்ப்பிக்கப்பட்ட பிளாட் குழுவின் அறிக்கை, பெற்றோர் வருகைக்கு இருந்த தடைகளை நீக்கச் சிபாரிசு செய்தது.

கொன்ராட் லோரன்ஸின் வாத்துக்குஞ்சு ஆராய்ச்சிகளிலிருந்தும், பால் தரும் கம்பித் தாயை விட்டுப் பால் தராத துணித் தாயைக் கட்டிக்கொண்ட ஹாரி ஹார்லோவின் குரங்குக்குட்டிகளிலிருந்தும் பௌல்பி பெற்ற வலு யாவரும் அறிந்தது. குழந்தை தாயை நாடுவது பாலுக்காக மட்டும் அன்று, அபாயத்தில் அண்டிக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்ற ஜீவசுபாவத்தாலும்தான் என்று 1958-இல் அவர் எழுதியதும், அன்னா ஃப்ராய்ட் உட்பட அவர் துறையினரே மறுப்பு எழுதினர். மனோசிகிச்சை உலகம் இக்கொள்கைக்கு நெடுங்காலம் கதவடைத்ததற்கு இந்தப் பிணக்கே பிரதான காரணம்.

இதற்கிடையில் அதை வளர்த்தவர் மேரி ஐன்ஸ்வொர்த் அம்மையார். 1950-இல் லண்டன் பத்திரிகை விளம்பரம் ஒன்றைப் பார்த்து பௌல்பியிடம் வேலைக்குச் சேர்ந்த அவர், பின்பு உகாண்டாவில் கம்பாலாவை அடுத்த கிராமங்களில் 26 குடும்பங்களையும், அமெரிக்காவில் பால்டிமோரில் மற்றும் 26 குடும்பங்களையும் வீடு தேடிச் சென்று கண்டார். தாய் சில நிமிஷங்கள் வெளியே போய்த் திரும்பும் அவரது இருபது நிமிஷப் பரிசோதனையில், குழந்தை அழுததா என்பதை விட, திரும்பிய தாயிடம் ஆறுதல் பெற்று மீண்டும் விளையாடப் போயிற்றா என்பதே முக்கியம். நிம்மதியான பிணைப்பு, விலகும் பிணைப்பு, ஒட்டியும் கோபித்தும் தவிக்கும் பிணைப்பு என்ற பாகுபாடு இதிலிருந்து வந்தது.

பெரியவர்களிடம் இக்கொள்கை வந்து சேர்ந்தது 1980-களில். ஐன்ஸ்வொர்த்தின் மாணவியான மேரி மெயின், பெர்க்லியில் தம் சகாக்களுடன் வகுத்த பேட்டி முறையில், தாயோடு இருந்த உறவை விவரிக்க ஐந்து அடைமொழிகள் கேட்கப்படும்; பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒரு சம்பவம் கேட்கப்படும். 'மிகவும் பாசமானவர்' என்று தயங்காமல் சொன்னவர், அதற்கு ஒரு நிகழ்ச்சியும் நினைவுக்கு வராமல் திணறுகிறார். தாய் கண்டிப்பானவர் என்று சொன்ன இன்னொருவர், வருத்தத்தோடும் நியாயத்தோடும் கோவையாக விவரிக்கிறார். பிந்தியவரின் குழந்தையே நிம்மதியான பிணைப்புடையதாக இருக்கும் சாத்தியம் அதிகம். இளமையில் நடந்ததோடு, நடந்ததைக் கோவையாகச் சொல்ல முடிவதும் கணக்கில் வரும் என்ற இந்தக் கண்டுபிடிப்பே சிகிச்சைக்கு வாசல் திறந்தது. கடந்த காலத்தை மாற்ற இயலாவிடினும், அதைச் சொல்லும் விதம் மாறக்கூடியதல்லவா?

1988-இல் வெளிவந்த நூலில் பௌல்பி சிகிச்சையாளரின் கடமைகளை வரையறுத்தார். நோயாளி தம் வேதனைகளைத் துணிந்து ஆராய ஆதாரமாக ஓர் அபயஸ்தானமாக இருப்பது முதலாவது. அங்கிருந்து இன்றைய உறவுகளையும், சிகிச்சையாளரோடு உள்ள உறவையும், இளமை அனுபவங்களோடு இவற்றுக்குள்ள தொடர்பையும் பார்த்து, பழைய எதிர்பார்ப்புகள் இன்றைக்குப் பொருந்துமா என்று அவரே தீர்மானிக்கத் துணைநிற்பது மற்றவை. தனியான உபாயம் எதையும் அவர் விதிக்கவில்லை. சூ ஜான்ஸன் தம்பதியர்க்காக அமைத்த முறையும், சிறு குழந்தைகளோடு தாய்மாரையும் சேர்த்து நடத்தும் முறைகளும் பலவிதமாகக் கிளைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

உபாயம் விதிக்கப்படாத இடத்தில் போலிகளும் புகுந்தனர். பிணைப்பின் பெயரால் குழந்தைகளைப் பலவந்தமாக அமுக்கிப் பிடிக்கும் முறை ஒன்று அமெரிக்காவில் பரவி, 2000-இல் கொலராடோவில் 'மறுபிறப்பு' என்று துணியில் சுற்றி அழுத்தப்பட்ட பத்து வயதுச் சிறுமி மூச்சுத்திணறி இறந்தாள். மறு ஆண்டே அம்மாகாணம் அதைச் சட்டத்தால் தடுத்தது. அபயம் தரவேண்டியவரே அச்சத்துக்குக் காரணமாகும் அச்செயல், பௌல்பியின் போதனைக்கு நேர் விரோதமானது.

ஆகவே சிகிச்சையாளரைத் தேடுகிறவர் விளம்பரத் தொடரை நம்பிப் பயனில்லை. பிரிட்டனில் 'மனோசிகிச்சையாளர்' என்ற பட்டத்துக்குச் சட்டப் பாதுகாப்பே இல்லாமையால், தொழில்முறை அமைப்பு ஒன்றின் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது முதற்காரியம். பயிற்சி எங்கே பெற்றார், இப்போது யாருடைய மேற்பார்வையில் இருக்கிறார் என்று முதல் சந்திப்பிலேயே கேட்பதில் தவறில்லை. அதோடு ஒரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளச் சொல்வேன்: நீங்கள் விடுமுறையில் போகும்போது என்ன செய்வீர்கள்? பிரிவை ஆராய்ந்து எழுந்த கொள்கையைப் பயின்றவர், தேதியைப் பல வாரங்களுக்கு முன்பே தெரிவிப்பார். இடைக்காலத்தில் யாரை அணுகலாம் என்று சொல்வார். திரும்பி வந்ததும், நோயாளி காட்டும் கோபத்தையோ உதாசீனத்தையோ சிகிச்சையின் விஷயமாகவே எடுத்துப் பேசுவார். கட்டண விவரத்தை மட்டும் சொல்லி அக்கேள்வியைத் தள்ளிவிடுகிறவரிடம் இரண்டாம் முறை போகுமுன் இன்னும் ஒருவரைப் பார்த்துவிடலாம்.