வட்டமும் விளக்கும்

நாற்சந்தியில் உயிர் காப்பது விளக்கா, வட்டமா? விளக்கு எரியும் இடமே பத்திரமான இடம் என்பது நம்மிற் பெரும்பாலோர் எண்ணம். அவ்வெண்ணம் சரித்திரத்தோடு ஒத்துவருமா எனச் சிறிது ஆராய்வோம்.

இவ்விரண்டனுள் விளக்கே மூத்தது. 1868 டிசம்பரில், லண்டன் பார்லிமெண்டு மாளிகையருகே, ஜான் பீக் நைட் என்னும் ரயில்வே எஞ்சினியரின் யோசனைப்படி, காஸ் விளக்குடைய சமிக்ஞைக் கம்பம் ஒன்று நாட்டப்பட்டது. அடுத்த மாதமே அது வெடித்தது. இயக்கி நின்ற போலீஸ்காரர் படுகாயமுற்றார். மின்சார விளக்கு, 1914-இல் அமெரிக்காவின் கிளீவ்லண்டு நகரில் ஏற்றப்பட்ட பின்னர் எங்கும் பரவலாயிற்று.

இதற்கிடையில் வட்டமும் பிறந்தது. நியூயார்க்கின் கொலம்பஸ் சர்க்கிளில் 1905-இலும், பாரிஸ் மாநகரின் வெற்றி வளைவைச் சூழ்ந்த வெளியில் 1907-இலும், வண்டிகள் ஒரே திசையிற் சுற்றிவர விதிக்கப்பட்டது. ஆயினும் அமெரிக்க வட்டங்கள் நற்பெயர் எடுக்கவில்லை. உள்ளே நுழையும் வண்டிக்கே முதலுரிமை என்பது அங்கே பெருவழக்காயிருந்தது. நுழைவோர் நுழைந்துகொண்டேயிருக்க, உள்ளிருந்தோர் வெளியேற வழியின்றித் திகைத்தனர். அகன்ற வட்டங்களில் வேகமாய்ப் புகுந்த வண்டிகள் மோதிக்கொண்டன. 1950-களில் புது வட்டம் அமைப்பதை அந்நாட்டார் பெரும்பாலும் கைவிட்டனர்.

பிழை வட்டத்திலா, விதியிலா? இதனைச் சோதித்துக் காட்டியவர்களுள் முதன்மையானவர் பிரிட்டிஷ் எஞ்சினியர் பிராங்க் பிளாக்மோர். நுழைபவரே, ஏற்கெனவே சுற்றிவருபவருக்கு வழிவிடவேண்டும் என்னும் விதி 1966-இல் பிரிட்டனில் நிலைபெற்றது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நாம் கைக்கொள்வதும், வலப்புறமிருந்து வருவோர்க்கு வழிவிடும் இவ்விதியே.

இதன் பயன் யாது? நான்கு சாலைகள் கூடும் சாதாரணச் சந்தியில் வண்டிகளின் பாதைகள் ஒன்றையொன்று தொடும் இடங்கள் 32. ஒற்றைத் தடமுள்ள வட்டத்தில் 8 மட்டுமே. விளக்குச் சந்தியில் ஒருவன் சிவப்பை மீறினால், பச்சையை நம்பி வருபவனின் விலாவிலே முழு வேகத்தோடு பாய்கிறான். வட்டத்திலோ வளைவே வேகத்தை அடக்கிவிடுகிறது. மோதினாலும் பெரும்பாலும் தகடு நசுங்குவதோடு போகிறது.

1990-க்குப் பின் இப்புதுமுறை வட்டங்களை அமெரிக்கரும் ஏற்கலாயினர். இந்தியானா மாநிலத்துக் கார்மெல் நகரில் மட்டும் இன்று 150-க்கு மேற்பட்டவை உள. விளக்கை அகற்றி வட்டம் அமைத்த சந்திகளில், உயிர்ச்சேதமும் காயமும் விளைக்கும் விபத்துகள் ஏறக்குறைய 78 சதவிகிதம் குறைவதாக அந்நாட்டு நெடுஞ்சாலை நிர்வாகம் கணக்கிட்டுள்ளது.

குறையும் உண்டு. பல தடங்கள் கொண்ட பெருவட்டத்தில் சைக்கிளில் செல்வோர்க்கு அபாயம் அதிகம். நில்லாது ஓடும் வண்டிகளுக்கிடையே கண்பார்வையற்றோர் கடப்பது அரிது. அவர்களுக்குத் தக்க ஏற்பாடு செய்யாத வட்டம் முழுமை பெற்றதன்று.

தோட்டத்துக் கிராணியாகிய யான் நாள்தோறும் பேரேட்டில் கூட்டிக் கழிப்பவன். தொகை பிழைத்தால் ஏட்டைக் கிழித்தெறிவதில்லை; பிழைத்த வரியைத் தேடித் திருத்துவோம். வட்டத்தின் வரலாற்றிலும் திருத்தவேண்டியிருந்தது ஒரே வரிதான். அதனைக் கண்டறிய அரை நூற்றாண்டுக்கு மேல் சென்றது. அதற்குள் போன உயிர்களை எந்தப் பேரேட்டில் வரவு வைப்பது?