எழுதிக் கொடுத்த கைகள்

பிறர் எழுதியதைத் திருத்திக் கொடுப்பதும், எழுத நேரமில்லாதவர்களுக்கும் எழுதத் தெரியாதவர்களுக்கும் எழுதிக் கொடுப்பதும்தான் என் பிழைப்பு. மாதச் சம்பளம் கிடையாது. ஒரு புத்தகத்துக்கு இவ்வளவு என்று பேசிக் கொள்வதுதான். ஓய்வு பெற்ற அதிகாரி, பள்ளிக்கூடம் நடத்துகிறவர், கட்சிக்காரர் என்று பலருடைய வாழ்க்கை வரலாறு என் கையால் ஆனது. அட்டையில் அவர்கள் பெயர் இருக்கும். கோஸ்ட் ரைட்டர் என்று இதற்குப் பேர். அதில் எனக்கு வருத்தமில்லை. கூலி வாங்கியாச்சு, விஷயம் முடிந்தது.

முடியாத விஷயம் ஒன்று உண்டு. தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் நாற்பது வருசம் வேலை பார்த்த எங்கள் அத்தை ஒருவர் சொல்லச் சொல்லப் பதிவு செய்து, அவருடைய கதையை எழுதினேன். முடித்ததும் அவர் முன்னாலேயே வாசித்தேன். புருசன் செத்தபின் தனியாக நின்று பிள்ளைகளை வளர்த்தார் என்று எழுதியிருந்த இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார். "தனியாவா வளத்தேன்? அவுக கூட இருந்தாகள்ல மருமவனே. அத ஏன் எழுதல?" கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றும் கேட்டார். "கணக்கப்பிள்ளைய நான் ஏசுன ஏச்செல்லாம் எங்க போச்சு?"

எடுக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. நானேதான் எடுத்தேன். நம் பெண்களைக் கேவலமாகப் பேச அலைகிறவன் கையில் இதை ஏன் கொடுக்க வேண்டும் என்ற நினைப்பு. அன்றைக்கு அவருக்குப் பதில் சொல்ல முடியவில்லை. எனக்கு முன்னால் இந்த வேலையைச் செய்தவர்கள் என்ன செய்தார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

முதலில் கிடைத்தவரும் உப்பளத்துக்காரரே. பெர்முடாவில் அடிமையாகப் பிறந்தவர் மேரி பிரின்ஸ். டர்க்ஸ் தீவின் உப்புப் பாத்திகளில் உப்புத் தண்ணீரில் நின்று நின்று கால் முழுக்கக் கொப்புளம் கண்டவர். பிறகு ஆன்டிகுவாவில் ஒரு முதலாளிக்கு விற்கப்பட்டார். 1828இல் அந்தக் குடும்பத்தோடு லண்டனுக்கு வந்து, அங்கே அந்த வீட்டை விட்டு வெளியேறினார். அடிமை ஒழிப்புச் சங்கத்தின் செயலாளர் தாமஸ் பிரிங்கிள் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தார். அவர் தன் கதையைச் சொல்ல, அந்த வீட்டுக்கு விருந்தாளியாக வந்திருந்த சுசன்னா ஸ்டிரிக்லேண்ட் என்ற பெண் எழுதினார். 1831இல் புத்தகம் வந்தது. முன்னுரை பிரிங்கிளுடையது. மேரியின் சொற்களை முடிந்தவரை அப்படியே வைத்திருப்பதாகவும், திரும்பத் திரும்ப வந்ததையும் பெரிய இலக்கணப் பிழைகளையும் மட்டும் களைந்ததாகவும் அதில் சொல்கிறார். எழுதிய பெண்ணின் பெயர் அதில் இல்லை.

களையப்பட்டது இலக்கணப் பிழை மட்டுமா? பழைய முதலாளி பிரிங்கிள் மீது மானநஷ்ட வழக்குப் போட்டார். 1833இல் மேரி பிரின்ஸ் சாட்சிக் கூண்டில் ஏறினார். கல்யாணத்துக்கு முன்னால் கேப்டன் ஒருவரோடு ஏழு வருசம் உறவு இருந்ததை அங்கே சொன்னார். இதையெல்லாம் எழுதிய அம்மாவிடமும் சொன்னேன் என்றார். புத்தகத்தில் அது இல்லை. அடிமைமுறை ஒழிய வேண்டும் என்று பாடுபட்டவர்கள்தான் அதை எடுத்தார்கள். அவர்களுக்குக் களங்கமில்லாத ஓர் அடிமைப் பெண் தேவைப்பட்டார். இதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஸ்டிரிக்லேண்ட் செய்ததைத்தான் நான் எங்கள் அத்தைக்குச் செய்திருந்தேன்.

சரி, தன் கதையைத் தானே எழுதினால்? ஹாரியட் ஜேக்கப்ஸ் எழுதினார். வட கரோலினாவில் அடிமை. எஜமானனிடமிருந்து தப்பி, பாட்டி வீட்டுக் கூரைக்கடியில், நிமிர்ந்து நிற்கக்கூட முடியாத பொந்தில் ஏழு வருசம் போல ஒளிந்து கிடந்தவர். முதலில் அவர் உதவி கேட்டது 'அங்கிள் டாம்ஸ் கேபின்' எழுதிப் புகழ் பெற்ற ஹாரியட் பீச்சர் ஸ்டோவிடம். ஸ்டோ என்ன செய்தார்? இதெல்லாம் உண்மைதானா என்று ஜேக்கப்ஸ் வேலை பார்த்த வீட்டு எஜமானிக்கே கடிதத்தை அனுப்பி விசாரித்தார். உண்மையானால் தன்னுடைய அடுத்த புத்தகத்தில் சேர்த்துக் கொள்வதாகவும் சொன்னார். ஜேக்கப்ஸுக்கு ரோசம் வந்தது. பகலெல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக் கொண்டு, ராத்திரியில் தானே எழுதினார். 1861இல் லிண்டா பிரெண்ட் என்ற புனைபெயரில் புத்தகம் வந்தது. மேரி பிரின்ஸின் புத்தகத்தில் எது எடுக்கப்பட்டதோ அது இதில் இருக்கிறது. வெள்ளைக்கார வக்கீல் ஒருவருக்குத் தான் இரண்டு பிள்ளைகள் பெற்றதை அவரே எழுதுகிறார்.

இதற்கும் செம்மைப்படுத்த ஒருவர் இருந்தார், லிடியா மரியா சைல்ட். நல்ல மனுசி. ஆனால் கடைசி அத்தியாயத்தை எடுத்துவிடச் சொன்னார். அது ஜான் பிரவுனைப் பற்றியது. 1859இல் அடிமைகளை விடுவிக்க ஆயுதம் ஏந்தித் தூக்கில் தொங்கியவர் அவர். பாட்டியின் சாவோடு முடித்தால் பொருத்தமாக இருக்கும் என்றார் சைல்ட். கண்ணீர் இருக்கட்டும், கலகம் வேண்டாம்! அச்சில் வந்த புத்தகத்தில் அந்த அத்தியாயம் இல்லை. இவ்வளவுக்கும் மேலே, 'தானே எழுதியது' என்று முகப்பிலேயே அச்சிட்டிருந்தும் நூறு வருசத்துக்கு மேல் அறிஞர்கள் நம்பவில்லை. சைல்ட் எழுதிய கற்பனைக் கதை என்றே பலர் சொல்லி வந்தார்கள். ஜீன் ஃபேகன் யெல்லின் பழைய கடிதங்களைத் தேடியெடுத்து 1980களில் நிரூபித்த பிறகுதான் ஜேக்கப்ஸ் எழுதினார் என்று ஒப்புக் கொண்டார்கள்.

நம்ம ஆளே எழுதினால் எல்லாம் சரியாகிவிடும் என்று தோழர்கள் சொல்வதுண்டு. பாதிதான் உண்மை. மால்கம் எக்ஸின் சுயசரிதையை எழுதிய அலெக்ஸ் ஹேலி கறுப்பர். கடலோரக் காவல்படையில் இருந்தபோது கூட இருந்தவர்களுக்குக் காசுக்குக் காதல் கடிதம் எழுதிக் கொடுத்தவர். வெளியே வந்ததும் பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைத்தார். எங்கள் இனம்! 1963இல் புத்தக வேலை தொடங்கியது. மால்கம் சொல்லாத எதையும் சேர்ப்பதில்லை, அவர் வேண்டும் என்றதை விடுவதில்லை என்பது ஒப்பந்தம். அத்தியாயங்களை மால்கம் வாசித்துத் திருத்தினார். 1964இல் எலைஜா முகமதுவின் இயக்கத்திலிருந்து பிரிந்ததும், அவரைப் புகழ்ந்த பகுதிகளை மாற்ற நினைத்தார். ஹேலி தடுத்தார். பின்னால் வரப்போவதை முன்னாலேயே சொன்னால் கதை கெடும் என்பது அவர் வாதம். முதலில் கோபப்பட்ட மால்கம் பிறகு விட்டுவிட்டார். ஹேலி செய்தது சரி என்றே நினைக்கிறேன். ஒரு மனுசன் மாறியது தெரிய வேண்டுமானால் பழைய மனுசனும் அங்கே இருக்க வேண்டும்.

ஆனால் 1965 பிப்ரவரி 21 அன்று மால்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒப்பந்தம் போட்ட பெரிய பதிப்பகம் பயந்து பின்வாங்க, குரோவ் பிரஸ் அதே வருசம் வெளியிட்டது. எழுதி வைத்த சில அத்தியாயங்கள் அதில் இல்லை. அவற்றில் ஒன்றை 2018இல் ஏலத்தில் வாங்கி நியூயார்க் ஷோம்பர்க் மையம் வைத்திருக்கிறது. ஹேலியின் அரசியல் வேறு, மால்கமின் அரசியல் வேறு என்று ஆய்வாளர் மேனிங் மேரபிள் 2011இல் விரிவாக எழுதினார். நிறம் ஒன்றாக இருந்தும் எழுதுகிறவனுக்கு என்று ஒரு விருப்பம் இருக்கத்தான் செய்கிறது.

நம் பக்கத்தில் வீரம்மா. புதுச்சேரிக்கு அருகில் பண்ணை வேலையும் பேறுகாலம் பார்க்கும் வேலையும் செய்த பறையர் பெண். ஜோசியன் ரசீனிடம் பல வருசம் தமிழில் பேசினார். அந்தப் பேச்சு 1995இல் பிரெஞ்சிலும் 1997இல் ஆங்கிலத்திலும் புத்தகமானது. அட்டையில் வீரம்மாவின் பெயர் முதலாவதாக இருக்கிறது. கேட்டு எழுதியவர்களின் பெயரும் இருக்கிறது. யார் சொன்னது, யார் எழுதியது என்பது மறைக்கப்படவில்லை. அது எனக்குப் பாடம்.

எங்கள் அத்தையின் கையெழுத்துப் பிரதியை மறுபடி எழுதினேன். அவர் கூட இருந்தவரும் வந்தார், ஏச்சும் வந்தது. மறுபடியும் வாசித்துக் காட்டினேன். ஏச்சு வந்த இடத்தில் சிரித்தார். மகள் கட்டிப் போன வீட்டில் பட்ட பாட்டைச் சொன்ன அத்தியாயத்துக்கு வந்ததும் முகம் மாறியது. புத்தகத்திலேயே நான் நன்றாக எழுதியதாக நினைத்த பகுதி அது.

"இத எடுத்துரு."

"நீங்கதான அத்தை சொன்னீங்க?"

"ஒன்கிட்ட சொன்னேன். அது அவ கத. அவகிட்ட போய்க் கேளு."

போய்க் கேட்டேன். மகள் வேண்டாம் என்றுவிட்டார். எடுத்துவிட்டேன். அட்டையில் அத்தையின் பெயர் இருக்கும். உள்ளே, கேட்டு எழுதியவன் என்று என் பெயரும், அவர் கேட்டுக் கொண்டபடி ஓர் அத்தியாயம் விடப்பட்டது என்று ஒரு வரியும் இருக்கும்.