அணுபுரத்திலிருந்து கிப்லா: இரண்டு கோடுகளின் வரலாறு

அணுபுரம் குடியிருப்பில் புதிதாகக் குடியேறும் நம் குடும்பங்கள் முதலில் கேட்பது, கிப்லா எந்தப் பக்கம் என்பதைத்தான். பெரியவர்கள் சூரியன் மறையும் பக்கத்தைக் காட்டுவார்கள். பிள்ளைகள் கைபேசியைப் பார்த்து, முஸல்லாவின் தலைப்பை வடக்குப் பக்கமாகச் சற்றுத் திருப்பி விரிப்பார்கள். இந்த இரண்டு திசைகளுக்கும் இடையே சுமார் 18½ பாகை வேறுபாடு இருக்கிறது. எங்கிருந்தாலும் மஸ்ஜிதுல் ஹராமின் பக்கம் முகத்தைத் திருப்புமாறு அல்பகரா அத்தியாயத்தின் 144ஆம் வசனம் கட்டளையிடுகிறது. கண்ணுக்கு எட்டாத ஊரின் திசையை அறிய, நம் ஊரும் அந்த ஊரும் பூமியில் எங்கே இருக்கின்றன என்பது தெரிந்தாக வேண்டும். அதற்காகத்தான் நம் முன்னோர்களில் பலர் அட்சரேகையோடும் தீர்க்கரேகையோடும் ஆயுள் முழுவதும் போராடினார்கள்.

இவ்விரண்டில் அட்சரேகை எளியது. நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே எவ்வளவு தூரம் சென்றோமோ அந்த அளவுக்குத் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து உயரும். அணுபுரம் ஏறத்தாழ 12½ பாகையில் இருப்பதால், இங்கே அந்த நட்சத்திரமும் அதே உயரத்தை ஒட்டித்தான் தெரியும். நீட்டிய கையின் முட்டியை அடிவானத்தின் மேல் வைத்தால் அது பத்துப் பாகையை மறைக்கும். நட்சத்திரம் அதற்குச் சற்று மேலே நிற்கும். சதுரங்கப்பட்டினம் முதல் நாகூர், காயல்பட்டினம் வரை இந்தக் கரையிலிருந்து கடலோடியவர்கள் அறிந்திருந்த கணக்கு இதுதான். நடுவே முடிச்சிட்ட கயிறு கோத்த சிறு பலகையை அரபு மாலுமிகள் 'கமால்' என்றார்கள். நம் கரையில் அது 'இராப்பலகை'. கயிற்றைப் பல்லில் கடித்து, பலகையின் கீழ் விளிம்பை அடிவானத்தில் பொருத்தி, மேல் விளிம்பில் நட்சத்திரத்தைப் பார்ப்பார்கள். அளவு 'விரல்' கணக்கில் வரும், அரபியில் 'இஸ்பஉ'. ஒரு விரல் சுமார் 1 பாகை 40 கலை. சேர வேண்டிய துறையின் விரல் கணக்கு வரும்வரை வடக்காகவோ தெற்காகவோ ஓடி, பிறகு அந்த உயரம் மாறாமல் கிழக்கே பாய் விரித்தால் துறை வந்து சேரும்.

கிழக்கே எவ்வளவு தூரம் வந்தோம் என்பதை மட்டும் அந்தப் பலகை சொல்லாது. பூமி சுழல்வதால் நட்சத்திரங்கள் எல்லா ஊர்களுக்கும் முறைவைத்து வந்துபோகின்றன. ஊருக்கு ஊர் மாறுவது நேரம்தான். ஆகவே தீர்க்கரேகையைக் காண, ஒரே கணத்தில் இரண்டு ஊர்களில் மணி என்ன என்று தெரிய வேண்டும். தொலைபேசியும் தந்தியும் இல்லாத காலத்தில் அது எப்படி இயலும்?

சந்திர கிரகணம் வழி காட்டியது. அது தெரியும் ஊர்களிலெல்லாம் ஒரே கணத்தில் நிகழ்வது. கி.பி. 997 மே 24 அன்று குவாரிஸ்மின் காஸ் நகரில், அப்போது 24 வயதையும் எட்டாத அல்பிரூனீ ஒரு கிரகணத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்தார். முன்பே பேசிவைத்தபடி பாக்தாதில் அபுல் வஃபாவும் அதையே பார்த்துக் குறித்தார். இரு குறிப்புகளையும் ஒப்பிட்டபோது வேறுபாடு சுமார் ஒரு மணி நேரம். 24 மணிக்கு 360 பாகை என்றால், ஒரு மணிக்கு 15 பாகை. பிற்காலத்தில் கஸ்னியில் இருந்தபோது, ஊர்களின் இடங்களை நிர்ணயிப்பதற்கென்றே 'தஹ்தீது நிஹாயாத்தில் அமாகின்' என்ற நூலை 1025இல் நிறைவு செய்தார். கஸ்னியின் கிப்லாவைக் கணிப்பது அந்நூலின் நோக்கங்களுள் ஒன்று. அவருடைய மற்ற நூல்களைவிட இதையே நம் பிள்ளைகளுக்கு முதலில் அறிமுகப்படுத்த வேண்டும் என்று நாம் கருதுகிறோம்.

நம் கரைக்கு அத்தகைய துல்லியம் எட்டு நூற்றாண்டு கழித்தே வந்தது, அதுவும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைவழியாக. 1792இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த வானாய்வகத்தில் வியாழனின் துணைக்கோள்களுக்கு நேரும் கிரகணங்களை நோக்கிச் சென்னையின் தீர்க்கரேகையைக் கணித்தார்கள். 1802இல் பரங்கிமலையருகே கர்னல் லாம்டன் தொடங்கிய நிலஅளவைக்கு அந்த ஆய்வகமே ஆதாரமாயிற்று. நெடுங்காலம் நில அளவைப் படங்கள் அதன் தீர்க்கரேகையை 80 பாகை 17 கலைக்குச் சற்று மேல் என்று கொண்டிருந்தன. தந்தி வந்து இலண்டன் நேரத்தோடு நேரடியாக ஒப்பிட முடிந்த பிறகு, அது 80 பாகை 15 கலைக்குச் சற்றுக் குறைவு என்று தெளிவாயிற்று. நேரக் கணக்கில் அந்தப் பிழை பத்து நொடி மட்டுமே. நிலத்தில் அது நான்கு கிலோமீட்டருக்கும் மேல்! பழைய ஆய்வகத்தின் கருங்கல் தூண் இன்றும் நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. அதில் தமிழ் எழுத்தும் உண்டு.

இனி நம் முஸல்லாவுக்கு வருவோம். அணுபுரம் 12½ பாகை வடக்கு, 80 பாகைக்குச் சற்று அதிகமாகக் கிழக்கு. மக்கா 21 பாகை 25 கலை வடக்கு, 39 பாகை 50 கலை கிழக்கு. தட்டையான உலகப் படத்தில் இரண்டையும் அளவுகோலால் இணைத்தால், மேற்கிலிருந்து வடக்காக சுமார் 13 பாகை கிடைக்கும். பூமி உருண்டை என்பதால் கோள முக்கோணக் கணக்கின்படி மிகக் குறுகிய வழி 18½ பாகையில் புறப்படுகிறது. பிள்ளைகளின் கைபேசி சொல்வது இதைத்தான், அதன் காந்தமுள் இரும்புக் கட்டிலுக்கு அருகில் ஏமாறாதவரை.

அப்படியானால் நேர் மேற்காகத் தொழுத பாட்டன்மாரின் தொழுகை? தூரத்து ஊர்களுக்குத் திசை போதும் என்பது ஹனஃபீ மத்ஹபின் நிலை. ஷாஃபிஈ மத்ஹபில் கஅபாவையே முன்னோக்க வேண்டும் என்ற கருத்து வலுவானது. ஆயினும் தம்மால் இயன்றவரை ஆராய்ந்து நின்றவர்களைக் குறை சொல்ல எவருக்கும் உரிமையில்லை என்றே நாம் நினைக்கிறோம். பழைய பள்ளியின் மிஹ்ராபை இடிக்கத் தேவையில்லை. ஜமாஅத்தார் ஆலிம்களோடு கலந்து ஸஃபைத் திருப்பிக்கொள்ளலாம்.

கருவியை நம்பத் தயங்குவோருக்கு நஸீருத்தீன் தூஸீ எடுத்துரைத்த வழி ஒன்று உண்டு. ஆண்டில் இருமுறை சூரியன் கஅபாவின் நேர் உச்சிக்கு வருகிறது. மே 28ஐ ஒட்டி நம் கடிகாரத்தில் பிற்பகல் 2:48க்கும், ஜூலை 16ஐ ஒட்டி 2:57க்கும் அது நிகழும். அணுபுரத்தில் மே 28 அன்று நம் தலைக்கு மேல் நண்பகல் 12:07க்கே கடந்துவிடும். இரண்டுக்கும் இடையேயான 2 மணி 41 நிமிடத்தை, நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகையாகப் பிரித்தால், இரு ஊர்களின் தீர்க்கரேகை வேறுபாடு, நாற்பது பாகையும் சொச்சமும், கைக்கு வந்துவிடும். அன்று மொட்டைமாடியில் ஒரு கம்பைச் செங்குத்தாக நட்டு, 2:48க்கு அதன் நிழலின் மேல் சுண்ணக்கட்டியால் கோடு இழுங்கள். நிழலின் நுனியிலிருந்து கம்பின் அடியை நோக்கும் திசையே கிப்லா.