முதல் மொழி எது?

கணிப்பொறியைப் பயிலப் புகும் மாணவர் முதலில் கேட்கும் கேள்வி, "எந்த மொழியைக் கற்பது?" என்பதுதான். சி, ஜாவா, பைத்தான் என்று ஆளுக்கொரு பெயர் சொல்வதைக் கேட்டு நீங்களும் திகைத்திருக்கலாம். தவறான மொழியில் தொடங்கிவிட்டால் படிப்பே வீணாகிவிடும் என்று அஞ்சுவோரும் உளர். இந்த அச்சம் தேவைதானா? நம் நாட்டில் நிரல் எழுதப் பயின்ற முதல் தலைமுறையினரின் வரலாற்றைச் சிறிது பார்ப்போம்.

1963 ஆகஸ்டில் கான்பூர் ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 1620 என்னும் கணிப்பொறி வந்து சேர்ந்தது. அங்கு நிரலாக்கம் கற்பித்தவர்களுள் எச். என். மகாபலாவும், 1933இல் ஈரோட்டில் பிறந்த வி. இராஜாராமனும் குறிப்பிடத்தக்கவர்கள். அவர்களுடைய மாணவர்கள் முதலில் கற்ற மொழி ஃபோர்ட்ரான். ஜான் பேக்கஸ் என்பவரின் தலைமையில் ஐ.பி.எம். நிறுவனத்தார் உருவாக்கி, 1957இல் வெளியிட்ட மொழி அது. அதற்கு முன்பு, பொறியின் மொழியிலோ அதற்கு நெருக்கமான குறியீடுகளிலோதான் பெரும்பாலான நிரல்கள் எழுதப்பட்டன. இயற்கணிதச் சமன்பாட்டைப் போலவே கட்டளை எழுதலாம் என்ற வசதியை ஃபோர்ட்ரான் தந்தது.

ஆயினும் கற்பது எளிதாக இருக்கவில்லை. ஒவ்வொரு வரியையும் 80 பத்திகள் கொண்ட ஓர் அட்டையில் துளையிட வேண்டும். கட்டளை 7ஆம் பத்திக்கும் 72ஆம் பத்திக்கும் இடையில் அமைய வேண்டும். ஒரு பத்தி முன்னே தள்ளித் துளையிட்டாலும் பொருள் மாறிவிடும். அட்டைக் கட்டைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். தொகுப்பி என்னும் நிரல் அந்த அட்டைகளைப் படித்து, பொறியின் மொழிக்கு மாற்றி, வேறு அட்டைகளில் துளையிட்டுத் தரும். அவற்றை மீண்டும் பொறியில் இட்ட பிறகே விடை கிடைக்கும்.

விருத்தாசலம், மங்கலம்பேட்டை வட்டாரத்து வாசகர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஈரமாக இருக்கும் பீங்கான் பொம்மையின் மூக்கு கோணினால் விரலால் திருத்திவிடலாம். சூளையில் வெந்த பிறகு கண்டுபிடித்தால் என்ன செய்வது? புதிதாகத்தான் செய்ய வேண்டும். அன்றைய மாணவரின் பிழைகள் பெரும்பாலும் வெந்த பிறகே தெரிந்தன.

ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். "டூ 10 ஐ = 1,10" என்பது, சில வரிகளைப் பத்து முறை திரும்பச் செய் என்னும் ஃபோர்ட்ரான் கட்டளை. காற்புள்ளிக்குப் பதிலாகப் புள்ளி விழுந்துவிட்டால் என்ன ஆகும்? அக்கால ஃபோர்ட்ரான் இடைவெளிகளைக் கணக்கில் கொள்வதில்லை. ஆகவே "டூ10ஐ" என்பதை ஒரு மாறியின் பெயராகக் கொண்டு, அதற்கு 1.10 என்ற மதிப்பைக் கொடுத்துவிடும். பிழை என்று தொகுப்பி சொல்லாது. விடை மட்டும் தவறாக வரும்.

இந்தத் துன்பத்தைக் குறைக்க இரு வழிகள் பிறந்தன. ஒன்று நல்ல நூல். இராஜாராமன் எழுதிய நிரலாக்கப் பாடநூல் 1969இல் மலிவு விலையில் வெளிவந்தது. இன்னொன்று எளிய மொழி. அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் கெமனி, குர்ட்ஸ் என்ற இருவர், அறிவியல் படிக்காத மாணவரும் நிரல் எழுத வேண்டும் என்று 1964இல் பேசிக் மொழியைப் படைத்தனர். தட்டெழுதியவுடன் விடை வரும். பிழையை அப்போதே திருத்தலாம். இந்தியாவில் 1984இல் தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்தின் வழியாக, பி.பி.சி. மைக்ரோ என்ற சிறு கணிப்பொறிகளுடன் பேசிக் மொழியும் பள்ளிகளுக்குள் நுழைந்தது.

எளிமையையும் எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. பேசிக் மாணவரின் சிந்தனையைக் கெடுக்கும் என்று டச்சு அறிஞர் டைக்ஸ்ட்ரா 1975இல் கடுமையாகச் சாடினார். ஒழுங்கான சிந்தனையைப் பழக்குவதற்கென்றே 1970இல் நிக்லாஸ் விர்த் பாஸ்கலை வெளியிட்டிருந்தார். 1972 வாக்கில் டென்னிஸ் ரிட்சி சி மொழியையும், 1991இல் கைடோ வான் ராஸம் பைத்தானையும் தந்தனர். தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுதிப் பழக, முத்தையா அண்ணாமலை 2007இல் 'எழில்' மொழியைத் தொடங்கினார். அதில் ஒன்றை அச்சிட 'பதிப்பி' என்று எழுதினால் போதும்.

இந்த வரலாறு நமக்குச் சொல்வது என்ன? ஒவ்வொரு மொழியும் ஒரு தேவைக்காகப் பிறந்தது. எல்லாத் தேவைக்கும் பொருந்தும் மொழி இதுவரை பிறக்கவில்லை. ஃபோர்ட்ரான் பயின்றவர் அதோடு நின்றுவிடவும் இல்லை. ஒரு கணக்கைச் சிறு படிகளாகப் பிரிப்பது, திரும்பச் செய்ய வேண்டியதை அடையாளம் காண்பது, விடையைக் கையால் சரிபார்ப்பது ஆகிய பழக்கங்கள் எந்த மொழிக்கும் பொதுவானவை. அவை கைவந்தவருக்கு இரண்டாவது மொழி சில வாரங்களில் வசப்படும்.

ஆகவே, மொழிகளின் பட்டியலை ஒப்பிட்டு மாதங்களைக் கழிக்காதீர்கள். உங்களுக்குக் கிடைக்கும் பொறியில் இயங்குவதும், ஐயம் கேட்க ஆள் உள்ளதும், பிழையை உடனே காட்டுவதுமான ஒரு மொழியைத் தேர்ந்தெடுங்கள். பத்துச் சிறு நிரல்களையாவது அதில் எழுதி முடியுங்கள். அதற்குப் பிறகு, எந்த மொழி வேண்டும் என்பதை உங்கள் வேலையே சொல்லிவிடும்.