மிளகாய்: கொல்லையில் பிறந்த பெயர்

மாடித்தோட்டம் பற்றிய பேச்சுகளில் ஒரு செய்தி திரும்பத் திரும்பக் காதில் விழுகிறது. மிளகாய் சங்க காலத்துப் பயிராம், நற்றிணையிலேயே இருக்கிறதாம். நற்றிணை 66-ஆம் பாட்டில் இருப்பது உகாய் மரத்தின் காய். மிளகு இட்டாற்போன்ற சுவை அதற்கு என்கிறார் புலவர். மிளகும் காயும் ஒரே அடியில் வந்துவிட்டால் அது மிளகாய் ஆகிவிடுமா? அமெரிக்கக் கண்டத்துச் செடியான மிளகாய் கொலம்பசின் 1492-ஆம் ஆண்டுப் பயணத்துக்கு முன் கடல் தாண்டி நம் கரைக்கு வரவில்லை. போர்த்துக்கீசியக் கப்பல்களோடு வந்தது அது. தமிழின் பெருமைக்கு இந்தப் பொய் தேவையே இல்லை.

சங்கத்தார் அறிந்த காரம் மிளகுதான். அதற்கு அவர்கள் பெரிதும் வழங்கிய பெயர் கறி. பட்டினப்பாலையில் மூட்டையாகக் கிடப்பதும், அகநானூறு 149-இல் யவனர் பொன் தந்து ஏற்றிச் செல்வதும் கறியே. பெரும்பாணாற்றுப்படையில் கழுதைகள் சுமப்பது மிரியல், அதுவும் மிளகே. ஆம்பூர் பிரியாணிக் கடையில் இன்று கறி என்றால் ஆட்டிறைச்சி. மிளகின் பெயர் மிளகிட்டுச் சமைத்த பண்டத்துக்கு ஏறி, பிறகு பண்டத்தோடேயே தங்கிவிட்டது என்பது என் முடிவு.

மிளகாய் என்பது மிளகு + காய். மிளகு + ஆய் என்று பிரித்து, 'மிளகு ஆனது' எனப் பொருள் சொல்வோர் அண்டை மொழிகளைப் பார்ப்பதில்லை. தெலுங்கில் மிரபகாய, கன்னடத்தில் மெணசினகாயி. இரண்டிலும் காய் முழுசாக நிற்கிறது. தமிழில் 'கு' எங்கே போயிற்று என்பவர்கள் நன்னூலைத் திறக்கட்டும். தெங்கு, காயோடு சேரும்போது முதலெழுத்து நீண்டு, ஈற்றுக் 'கு' கெட்டுத் தேங்காய் ஆகும் என்று அங்கே விதியே இருக்கிறது. மிளகில் நீட்சி இல்லை. கேடு மட்டும் நிகழ்ந்தது.

மொழிக்கு மொழி மிளகாயின் பெயர் மாறுவதைக் காண ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுச் சந்தைகளை விட நல்ல இடம் இல்லை. தமிழ், தெலுங்கு, உருது மூன்றும் அங்கே ஒரே கூடையைப் பேரம் பேசுகின்றன. உருதின் மிர்ச்சும் மிளகைக் குறித்த வடமொழி மரீசத்தின் வழியில் வந்ததே. ஆனால் உருதில் புதியவன் பெயரைப் பிடுங்கிக்கொள்ள, மிளகு 'காலி மிர்ச்', அதாவது கறுப்பு மிர்ச், ஆகிவிட்டது. மலையாளத்தில் முளகு என்றால் மிளகாய். மிளகுக்குக் குருமுளகு, நல்லமுளகு என்று அடைமொழி வேண்டியிருக்கிறது. நாகர்கோவில் தமிழும் நல்லமிளகு என்றே சொல்லும். மிளகாய்க்கு ஈழத்தில் வழங்கும் கொச்சிக்காய் என்ற பெயரில் கொச்சித் துறைமுகம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பொதுத்தமிழ் மிளகை அதன் இடத்திலேயே இருக்கவிட்டு, வந்தவனுக்குக் காய் சேர்த்துத் தனிப்பெயர் தந்தது.

ஏன் காய்? வணிகன் கண்டது சிவந்து காய்ந்த சரக்கு. ஆம்பூர் பிரியாணிக்கு ஊறவைத்து அரைப்பதும் அதைத்தான். அது உண்மையில் பழம். ஆனாலும் காய்ந்த மிளகாய் என்றுதான் சொல்கிறோம். பச்சையாய்ப் பறித்தவர்தான் இதற்குக் காய் என்று பெயர் வைத்திருக்க முடியும்.

வீட்டில் செடி வைத்தவர்களுக்கு இது தெரியும். பழுக்க விட்டால் புதுப்பூ குறையும். அதனால் பச்சையிலேயே பறித்துக்கொண்டிருப்போம். தோல் பதனிடும் ஆம்பூர் வட்டாரத்தில் செடி வளர்ப்பதும் எளிதல்ல. உப்பிட்டு வரும் தோலை ஊறவைத்துக் கழுவிய நீர் பல்லாண்டுகளாகப் பாலாற்றுப் படுகையில் இறங்கியிருக்கிறது. அந்த மாசு பற்றிய வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பே சொன்னது. உப்பேறிய போர்த் தண்ணீரை ஊற்றினால் மிளகாய் இலையின் ஓரம் கருகும். வேலூர் வெயிலிலோ பூ கொட்டும். பிடித்துவைத்த மழைநீர், நடுப்பகலில் கொஞ்சம் நிழல், இலை சுருண்டால் உடனே அடிப்பக்கத்தைப் பார்த்துப் இலைப்பேனையும் சிலந்திப்பேனையும் விரட்டுதல் என்று தொட்டியருகே நின்றால்தான் காய் கிடைக்கும்.

கப்பலில் வந்த சரக்கைக் கொல்லையில் ஊன்றி, குழம்புக்கு முதல் பச்சைக்காயைக் கிள்ளியவர்கள் பெண்களாகத்தான் இருக்க வேண்டும். இதற்குக் காட்டக் கல்வெட்டுச் சான்று என்னிடம் இல்லை. ஆனால் மிளகாய் என்ற சொல் அவர்கள் வாயில் பிறந்தது என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை.