அறுவை அரங்கின் ஒத்திகை

அறுவை மருத்துவத்தில் கைப்பழக்கத்துக்கான ஒத்திகை மிகப் பழையது. பூசணி, சுரைக்காய்களை வெட்டியும் நீர் நிரப்பிய தோல்பையைக் கீறியும் மாணவர் பழக வேண்டும் என்று சுசுருத சம்ஹிதையே சொல்கிறது. அரங்கில் நிற்கும் அத்தனை பேரும் குழுவாகச் சேர்ந்து ஒத்திகை பார்க்கும் வழக்கமோ 20ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்தது. அதற்கு வழி திறந்தவர்கள் நோயாளியின் தலைமாட்டில் நிற்கும் மயக்க மருத்துவர்கள்.

1960களின் பிற்பகுதியில் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் ஏப்ரஹாம்சனும் மயக்க மருத்துவர் ஜட்சன் டென்சனும் ‘சிம் ஒன்’ என்ற பொம்மை நோயாளியை உருவாக்கினர். கணினி இயக்கிய அந்த உருவத்தின் மார்பு ஏறி இறங்கியது, இமை கொட்டியது, கண்மணி விரிந்து சுருங்கியது. செலவு மிகுதியால் இரண்டாவது பொம்மை பிறக்கவில்லை. பிறந்திருந்தாலும் அது தனியாளுக்கு மூச்சுக்குழாய் செருகப் பழக்கும் கருவியாகவே இருந்திருக்கும்.

குழுவைப் பற்றிய பாடம் விமானத் துறையிலிருந்து வந்தது. 1977 மார்ச் 27 அன்று டெனெரிஃப் தீவின் ஓடுபாதையில் இரு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தனர். எதிரே இருந்த விமானம் விலகிவிட்டதா என்று, மேலெழ ஓடிக்கொண்டிருந்த விமானத்தின் பொறியாளர் கேட்டிருந்தார். மூத்த தலைமை விமானி அதைப் பொருட்படுத்தாமல் ஓட்டத்தைத் தொடர்ந்தார். பொறியாளர் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. மேலதிகாரியின் தவறை இளையவர் சுட்டவும், மேலதிகாரி அதைக் காதில் வாங்கவும் விமானிகளுக்குப் பயிற்சி தொடங்கியது இதற்குப் பிறகுதான். அடுத்த ஆண்டே பாஸ்டனில் ஜெஃப்ரி கூப்பர் குழுவினர் மயக்க மருத்துவத்தில் தவிர்த்திருக்கக்கூடிய 359 நிகழ்வுகளை ஆராய்ந்தனர். அவற்றில் 82 சதவீதத்துக்கு மனிதத் தவறே காரணம். கருவிக் கோளாறு 14 சதவீதம்தான்.

பொம்மை நோயாளியையும் விமானிகளின் குழுப் பாடத்தையும் இணைத்தவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மயக்க மருத்துவர் டேவிட் காபா. 1990இல் அவர் குழு நெருக்கடிப் பயிற்சியைத் தொடங்கியது. உண்மையான அரங்கு, உண்மையான கருவிகள், பொம்மை நோயாளி. திடீரென ரத்த அழுத்தம் சரியும். ‘யாராவது ரத்தம் வரவழையுங்கள்’ என்று பொதுவாகச் சொன்னால் ஒருவரும் நகராமல் போகலாம். பெயர் சொல்லி ஏவ வேண்டும், கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும். முடிந்ததும் காணொளியைப் போட்டு, யார் எப்போது என்ன சொன்னார் என்று பேசுவார்கள். பயிற்சியின் பெரும்பயன் இந்தப் பேச்சில்தான்.

அங்கே அறுவை மருத்துவராகப் பெரும்பாலும் பயிற்சியாளரே நடித்தார். 1990களின் நடுவில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், பன்றி உறுப்புகளை வைத்து, அறுவை மருத்துவர்களும் செவிலியரும் அதே ஒத்திகைக்குள் வந்தனர்.

ஒத்திகைக்கு வெளியே, உண்மையான அறுவைகளுக்காக 2008இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல், கீறலுக்கு முன் ஒவ்வொருவரும் தம் பெயரையும் பணியையும் உரக்கச் சொல்லக் கேட்டது. நெருக்கடியில் செய்ய வேண்டியவற்றுக்கான தனிப் பட்டியல்களை ஒத்திகையில் சோதித்து 2013இல் வெளியான ஆய்வொன்றில் 17 குழுக்கள் 106 பொய் நெருக்கடிகளைச் சமாளித்தன. நெருக்கடிப் பட்டியல் கையில் இருந்தபோது தவறவிட்ட முக்கிய நடவடிக்கைகள் 6 சதவீதம், இல்லாதபோது 23. உண்மையில் எப்போதோ ஒருமுறை நேரும் நெருக்கடிகளை இப்படி எண்ணிப் பார்க்கப் பொம்மையிடம் மட்டுமே முடிந்தது.