எவ்வளவு தோல் வேண்டும்? - ஒரு கணக்கின் கதை

சட்டை தைக்க எவ்வளவு துணி வேண்டும் என்று தையல்காரர் அளவெடுத்துச் சொல்லிவிடுவார். தீயில் வெந்த உடலை மூட எவ்வளவு தோல் வேண்டும்? இந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் கிடைக்க மருத்துவ உலகத்துக்கு முக்கால் நூற்றாண்டு பிடித்தது.

1869-ல் பாரிஸில் ரெவர்டின் என்ற சுவிஸ் நாட்டு இளம் மருத்துவர், நோயாளியின் உடலிலிருந்தே சின்னச் சின்னத் தோல் துணுக்குகளைக் கிள்ளி எடுத்து, ஆறாத புண்ணின் மேல் வைத்தார். அவை ஒட்டிக்கொண்டு வளர்ந்தன. சின்னப் புண்ணுக்குக் கணக்கு எதுவும் தேவைப்படவில்லை. ஆனால் பாதி உடம்பு வெந்து போனால்?

முதலில் காயத்தின் பரப்பு தெரிய வேண்டும். 1924-ல் பெர்கோ என்ற அமெரிக்க மருத்துவர் கை, கால், உடம்பு, தலை என்று பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு சதவீதம் கொடுத்தார். 1942 நவம்பர் 28 அன்று பாஸ்டனில் கோகோநட் குரோவ் என்ற இரவு விடுதி எரிந்து 492 பேர் இறந்தார்கள். அப்போது சிகிச்சை அளித்தவர்களில் ஒருவரான லண்ட், பிரவுடருடன் சேர்ந்து 1944-ல் ஓர் அட்டவணையை வெளியிட்டார். அதன் சிறப்பு, வயதையும் சேர்த்துக்கொண்டதுதான். பெரியவர்களுக்குத் தலை உடற்பரப்பில் 7 சதவீதம். பிறந்த குழந்தைக்கோ 19! அவசரத்துக்கு 'ஒன்பது விதி' இருக்கிறது: பெரியவர்களுக்குத் தலை 9, ஒவ்வொரு கையும் 9, ஒவ்வொரு காலும் 18, முன்னுடம்பு 18, முதுகுப்புறம் 18, மிச்சம் 1. குழந்தைக்கு இதை அப்படியே போட்டால் கணக்கு தப்பாகிவிடும்.

சரி, இனி தோலுக்கு வருவோம். ஒருவரின் உடற்பரப்பு 17,000 சதுர செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 40 சதவீதத்துக்கு ஒட்டு வேண்டுமென்றால் 6,800 சதுர செ.மீ. தோல் தேவை. 1964-ல் டானரும் அவர் குழுவினரும் எடுத்த தோலில் வரிசையாகக் கீறல் போட்டு வலைபோல விரிக்கும் முறையை அறிவித்தார்கள். மூன்று மடங்கு விரித்தால் ஏறக்குறைய 2,270 போதும், அதாவது உடலில் 13 சதவீதம். ஆனால் நடைமுறையில் வலை அவ்வளவு விரியாது. அதனால் கொஞ்சம் கூடுதலாகவே எடுக்க வேண்டும். தோல் எடுத்த இடம் ஏறத்தாழ இரண்டு வாரத்தில் ஆறிவிடும். பிறகு அங்கேயே மறுபடி எடுக்கலாம்.

70 சதவீதம் வெந்தவருக்கு இந்தக் கணக்கும் இடிக்கிறது. மீதி 30-ல் முகம், கை, பாதம் போன்ற இடங்களை எடுக்க முடியாது. இரண்டு வாரம் காத்திருக்கவும் முடியாது, திறந்த புண்ணில் கிருமி புகுந்துவிடும். அடுத்தவர் தோலை வைத்தால்? அது நிலைக்காது என்பதை 1943-ல் கிளாஸ்கோவில் கிப்சனும் மெடவாரும் காட்டினார்கள். இரண்டாம் முறை வைத்தபோது உடல் இன்னும் வேகமாக நிராகரித்தது. மெடவாருக்கு 1960-ல் நோபல் பரிசு கிடைத்தது.

நிலைக்காவிட்டாலும் அந்தத் தோல் சில வாரம் புண்ணை மூடி வைக்கும். நோயாளியின் சொந்தத் தோல் மறுபடி வளர அந்த அவகாசம் போதும். தோல் வங்கிகள் இருப்பது இதற்காகத்தான். இறந்து ஆறு மணி நேரத்துக்குள் தொடை, முதுகிலிருந்து மெல்லிய படலமாகத்தான் எடுப்பார்கள்; உடல் சிதையாது. கண் தானம் தெரிந்த நம்மில் எத்தனை பேருக்குத் தோல் தானம் தெரியும்? மேலே போட்ட கணக்கில் விழும் துண்டை அடைக்க அதுதான் வழி.